பத்தொன்பது தாள்களில் ஒரே பதில்

ஓடைக்குடிக்காடு
6-11-2024, புதன்

கவியாவுக்கு அம்மாயி எழுதுவது. முழங்கால் வலி தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது.

போன் இருக்கும்போது இது எதற்கு என்று நினைப்பாய். போன் உன் மாமன் ரஞ்சித்குமாருடையது. அவன் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு வாசலில் வைத்துவிடுகிறான். பெரம்பலூரில் நீ தும்மினால் இங்கே நாலு வீட்டுக்குக் கேட்கும். நான் கேட்கப் போவதை அப்படிக் கேட்க முடியாது. அதனால் தா.பழூர் தபாலாபீசுக்குப் போய்க் கவர் வாங்கி வந்தேன். அங்கே இருந்த பெண், "யாருக்கு எழுதணும் ஆயா, நான் எழுதித் தரட்டா?" என்றது. "எழுத எனக்கு வரும், நீ ஸ்டாம்பை ஒட்டு" என்றேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பையை எடுத்துக்கொண்டு நேரே திருப்பூருக்கு, உன் அம்மா அப்பாவிடம் போய்விட்டாய். அங்கிருந்து காலேஜ். அதிரசத்துக்கு இடித்து வைத்த மாவு அப்படியே கிடந்து புளித்தது. மாவைப் பற்றி நான் கேட்கவில்லை. பதினாறு வாரம் நம்மூர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வந்தவள், இரண்டு வாரம் மிச்சம் இருக்கையில் ஏன் ஓடினாய்?

நீ என்ன படிக்கிறாய் என்று தெருவில் கேட்கும்போதெல்லாம் நான் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் வேதியியல் பட்டம், ஒரு பக்கம் வாத்தியார் பயிற்சி, இரண்டும் சேர்ந்து நாலே வருஷம், தனித்தனியாகப் படித்தால் அஞ்சு வருஷம் ஆகும் என்று. களையெடுக்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். "ஒரு கல்யாணச் செலவுல ரெண்டு கல்யாணமா?" என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். நீ சேலை கட்டிக்கொண்டு நம் தெரு வழியாக அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நடந்த முதல் நாள், உன் பின்னாலேயே கேட் வரைக்கும் வந்தேன். உனக்குத் தெரியாது.

அந்தத் திங்கட்கிழமை உன் காலேஜ் மேடம் வந்து போனதிலிருந்து செல்லதுரை மகள் முத்தமிழ் பள்ளிக்கூடம் போவதில்லை. தெருவில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீ சொல்லு.

உன் அம்மாயி
செ. வேம்பு


பெரம்பலூர்
11-11-2024

அன்புள்ள அம்மாயி,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். பயிற்சிக்குப் போகிற நாங்கள் ஒரு பாடத்தை நடத்தி முடித்ததும், நாங்களே கேள்வித்தாள் தயாரித்துத் தேர்வு வைக்க வேண்டும். திருத்தி, மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டுப் பதிவேட்டில் ஒட்ட வேண்டும். வரைபடம் ஒரு மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வர வேண்டும். நன்றாக எழுதியவர்கள் கொஞ்சம், எழுதாதவர்கள் கொஞ்சம், நடுவில் கும்பல். எங்கள் வகுப்பில் பலர் இந்தத் தேர்வை வைப்பதே இல்லை. மணி மாதிரி வருகிற மதிப்பெண்களை விடுதியிலேயே உட்கார்ந்து எழுதிவிடுவார்கள். நான் நிஜமாகவே வைத்தேன். எனக்கு வந்தது மணி இல்லை, சுவர். முப்பத்தொரு பேரில் இருபது பேர் இருபத்தைந்துக்கு இருபத்திரண்டுக்கு மேல்.

சாகிரா மேடம் பதிவேட்டைப் பார்த்துவிட்டு விடைத்தாள்களைக் கேட்டார். ஒன்பதாவது கேள்வி, பாலில் தண்ணீர் கலந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பது. பத்தொன்பது தாள்களில் ஒரே பதில். "கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டு விட வேண்டும். நின்றால் வாங்க வேண்டும். ஓடினால் ஊற்றுகிறவரைத் திட்ட வேண்டும்." முதல் இரண்டு தாளுக்கு மேடம் சிரித்தார். ஐந்தாவது தாளில் சிரிப்பு நின்றுவிட்டது.

"கேள்வி முன்னாடியே வெளில போயிருக்கு கவியா. உன் நோட்டு யார் கையில இருந்துச்சு?" என்றார். வகுப்பறையில், பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்டார்.

"என் பைய முத்தமிழ்தான் மேடம் தெனமும் தூக்கிட்டு வருவா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவள் எடுத்தாள் என்று நான் சொல்லவில்லை. மீதியெல்லாம் மற்றவர்கள் சொன்னது. தலைமையாசிரியர் அவள் அப்பாவுக்குப் போன் போட்டார். அவர் சுண்ணாம்புக்கல் லாரியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு வந்தார். அப்புறம் நடந்ததை நான் எழுத விரும்பவில்லை.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதி இரண்டு வாரத்தையும் புதிய தேர்வையும் இங்கே பக்கத்தில் வேறு பள்ளியில் முடிக்கச் சொல்லிவிட்டார்கள். பதிவேட்டில் கையெழுத்தும் ஆகிவிடும். நீ கவலைப்படாதே. முத்தமிழ் வீட்டுப் பக்கம் போகாதே.

கவியா


ஓடைக்குடிக்காடு
17-11-2024, ஞாயிறு

கவியாவுக்கு,

இங்கே நடவு முடிந்த வயலெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. மழை வரும் என்கிறார்கள். மாமன் மோட்டாருக்குக் கொட்டகை போட்டிருக்கிறான். ஆட்டுக்கு இரண்டு குட்டி. ஒன்று பிழைக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், தெரிந்துகொள்வதற்காகத்தான். பரீட்சைக்கு முன்னால் இம்பார்ட்டண்ட் கேள்வி என்று பள்ளிக்கூடத்திலேயே கொடுக்கிறார்களே, அது தப்பில்லையா? குழந்தைவேல் சார் ஒவ்வொரு பரீட்சைக்கும் பத்துக் கேள்வியைப் போர்டில் எழுதிப் போடுவார், அதில் ஏழு வரும் என்று இங்கே எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அவரை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அப்படி ஒருவர் கேள்வியைச் சொல்லிவிட்டார், சொன்னவர் வயதில் பெரியவர், கெட்ட எண்ணம் இல்லை என்று வைத்துக்கொள். அவருக்கு என்ன தண்டனை? அவர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகும்?

முத்தமிழ் இன்னும் போகவில்லை. நீ சொன்னபடி அவர்கள் வீட்டுக்கு நான் போகவில்லை. தண்ணீர்க் குழாயில் பார்த்தேன். குடத்தை வைத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டது. முன்பெல்லாம் "டீச்சர் எந்திரிச்சிட்டாங்களா ஆயா?" என்று கேட்டுக்கொண்டு காலையிலேயே வந்து நிற்கும். செல்லதுரை தை பிறந்ததும் அதை மில்லுக்கு அனுப்பப் போகிறானாம். பதினாலு வயசுதான் ஆகிறது. "பதினாறுன்னு போட்டுக்குவாங்க" என்று அவன் பெண்டாட்டி சொன்னாள்.

நான் கேட்டதற்கு மறக்காமல் பதில் எழுது.

வேம்பு


பெரம்பலூர்
22-11-2024

அம்மாயி,

தேர்வுக்குப் படிக்க வேண்டியிருக்கிறது. கரிம வேதியியலும் பள்ளி நிர்வாகமும் ஒரே வாரத்தில் வருகின்றன. இப்போது நீண்ட கடிதம் எழுத முடியாது.

நீ கேட்டதற்குப் பதில் இல்லை. குழந்தைவேல் சார் கொடுப்பது வேறு, இது வேறு. யாருக்கும் இனி தண்டனை இல்லை, முடிந்துபோன விஷயம். முத்தமிழ் கெட்டிக்காரி. அடுத்த வருடம் வேறு பள்ளியில் சேர்ந்துகொள்வாள். மில்லுக்கு அனுப்புவேன் என்பதெல்லாம் கோபத்தில் சொல்வது.

தயவுசெய்து இதைப் பற்றி இனி எழுதாதே.

கவியா


ஓடைக்குடிக்காடு
3-12-2024, செவ்வாய்

கவியா,

நாலு நாளாக அடைமழை. தபால் பெட்டிக்குப் போக வழியில்லாமல் எழுதி எழுதி வைத்திருந்தேன். அவற்றைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்தால் சோறு இறங்கவில்லை.

கேள்வியைச் சொன்னது நான்தான்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம். வரைபடத் தாள் வாங்க நீ அரியலூர் போனாய். ரோட்டில் லாரி மறித்துக்கொண்டு பஸ் வரவில்லை என்று மாமனுக்குப் போன் பண்ணினாய். அதற்குள் பிள்ளைகள் வழக்கம்போல உன்னிடம் படிக்க வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டன. பத்தொன்பது பேர், நான் எண்ணினேன். உன் நீள நோட்டு அலமாரியில் இருந்தது.

அதற்கு முந்தின நாள் ரேஷன் கடையில் குழந்தைவேல் சார் என்னிடம், "ஒங்க பேத்தி நல்லாத்தான் நடத்துது ஆயா. ஆனா இந்த ஒம்பதாங்கிளாஸ் இருக்கே, கல்லு. காலேஜ் மேடம் வந்து மார்க்கப் பாத்தா அந்தப் புள்ளைக்குத்தான் கெட்ட பேரு" என்றார். அது என் காதில் கிடந்து குடைந்துகொண்டே இருந்தது. ஊரெல்லாம் உன்னைப் பற்றிச் சொல்லி வைத்திருக்கிறேன். மேடம் வந்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போனால், அதே ஊரில் நான் எப்படி நடப்பேன் என்றுதான் முதலில் தோன்றியது. உனக்கு என்ன ஆகும் என்பது இரண்டாவதாகத்தான் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நோட்டைப் பிரித்துக் கேள்வியைப் படித்தேன். பதில் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தாய். ஒவ்வொன்றாகப் படித்து, பத்துத் தடவை சொல்லச் சொன்னேன். மதுரைவீரன் மகன், "இதுதான் நாளைக்கு வரப் போவுதா ஆயா?" என்றான். "வந்தாலும் வரும். படிச்சா என்ன, கொறஞ்சா போயிடுவ?" என்றேன். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் நீ பதில் எழுதியிருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போல. பால் சமாச்சாரம்தானே, இது எனக்கே தெரியும் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். எல்லாம் சிரித்தன. "டீச்சர்ட்ட சொல்லிப்புடாதீங்க" என்று கடைசியில் சொன்னேன். அப்போதே என் மனசுக்குத் தெரிந்திருக்கிறது பார், இது சொல்லக்கூடாத காரியம் என்று.

அன்று முத்தமிழ் வரவில்லை. மீன்சுருட்டியில் அதன் அத்தைக்கு வளைகாப்பு, மத்தியானமே போய்விட்டது. மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து நேரே பரீட்சை எழுதியது. கேள்வி வெளியே போனது அதற்குத் தெரியவே தெரியாது.

மேடம் வந்து போன அன்றைக்கே நீ வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்க வேண்டும். நீ முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் வாயை மூடிக்கொண்டேன். பிறகு உன் கடிதம் வந்தது. அதிலும் உன் பதிவேடு தப்பித்தது என்ற வரியைத்தான் இரண்டு தடவை படித்தேன். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்ததைத் தாண்டிப் போனேன்.

இப்போது உன் மேடத்திடம் போய் என் பெயரைச் சொல்லு. படிக்காத கிழவி அறியாமல் செய்தாள் என்று சொல்லு. எனக்கு மானம் போனால் போகட்டும். முத்தமிழை மில்லுக்கு அனுப்ப இன்னும் நாற்பது நாள்தான் இருக்கிறது.

வேம்பு


பெரம்பலூர்
12-12-2024

அம்மாயி,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தேர்வுக் கூடத்துக்கும் அதைப் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

நீ எழுதியது எதுவும் எனக்குப் புதிதில்லை.

ஐந்தாவது தாளில் மேடம் சிரிப்பை நிறுத்தினார் என்று எழுதினேன். எனக்கு வீட்டில் உட்கார்ந்து திருத்தும்போது முதல் தாளிலேயே தெரிந்துவிட்டது. பால்காரர் ஆண்டவர் வாசலில் நிற்க, நீ கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்பதை நான் எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். "நிக்கிறா மாதிரி ஊத்து ஆண்டவரே, இல்லாட்டி திட்டிப்புடுவேன்" என்பாய். அந்தப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது நீ பேசுகிற பேச்சு. அப்போதே உன்னிடம் கேட்டிருக்கலாம். நீ உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாய். கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய், அப்புறம் அந்தத் தேர்வை நான் பதிவேட்டில் ஒட்ட முடியாது. அதனால் கேட்காமல் மதிப்பெண் போட்டேன்.

மேடம் கேட்டபோது என் வாயில் இரண்டு பெயர்கள் இருந்தன. உன் பெயரைச் சொன்னால், பயிற்சிக்கு வந்தவள் தன் வீட்டிலேயே கேள்வியைக் கசியவிட்டாள் என்று பதினாறு வாரத்தையும் ரத்து செய்வார்கள். இன்னொரு பெயரைச் சொன்னால் சின்னப் பெண் ஒரு திட்டு வாங்குவாள், ஒரு வாரத்தில் மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் இவ்வளவையும் யோசிக்க முடிந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. முத்தமிழ் தாளில் நகம் இல்லை. "சாய்வான பரப்பில் ஒரு துளி விட்டால், சுத்தமான பால் வெண்மையான தடம் விட்டு மெதுவாக வழியும்" என்று நான் வகுப்பில் சொன்னதைச் சொந்த வாக்கியத்தில் எழுதியிருந்தாள். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. அந்த வகுப்பில் நான் நடத்தியதைக் கேட்டுப் புரிந்துகொண்டு எழுதிய ஒரே ஆள். அவள் கேள்வியைப் பார்க்கவில்லை என்பதற்கு அந்தத் தாள் ஒன்றே போதும். மேடம் விடைத்தாள் கட்டைக் கேட்டபோது, அதை எடுத்து அடியில் வைத்துக் கொடுத்தேன். மேடம் அதுவரை புரட்டவில்லை.

நீ சுற்றி வளைத்துக் கேட்டபோதே சொல்ல வருகிறாய் என்று புரிந்தது. அதனால்தான் வெடுக்கென்று பதில் போட்டேன். நீ சொல்லாதவரை எனக்குத் தெரியாது என்று இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

கவியா


ஓடைக்குடிக்காடு
16-12-2024, திங்கள்

கவியா,

படித்தேன்.

நான் செய்தது பெருமைக்காகச் செய்தது. அதை அறியாமை என்று போன கடிதத்தில் நானே மூடி எழுதிக்கொடுத்தேன். நீ செய்ததற்கு அந்த மூடியும் இல்லை. அந்தத் தாளை அடியில் வைத்த கை, நான் எழுதப் பிடித்துக் கொடுத்த கை. இன்று முழுக்க உன் மேல் கோபமாக இருந்தேன். சாயங்காலம் என் மேல் திரும்பிவிட்டது. மார்க்குக்காக எதையும் செய்யலாம் என்று உனக்கு யார் காட்டியது?

நீ போக வேண்டாம் என்ற வீட்டுக்குப் போனேன். செல்லதுரை லாரிக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ தாளை அடியில் வைத்ததையும் சொன்னேன். மறைக்கவில்லை.

"ஒக்காருங்க" என்றான் பிறகு. நான் உட்காரவில்லை.

"அன்னிக்கு அத்தன புள்ளைங்க முன்னாடி வச்சு அடிச்சேன் ஆயா. ‘நான் எடுக்கலப்பா, நான் எடுக்கலப்பா’ன்னு ரெண்டு தடவ சொல்லிச்சு. மூணாவது தடவ சொல்லல. நான் அடிச்சது திரும்பி வந்துடுமா?"

"வராது தம்பி" என்றேன்.

"என் வூட்டுல வந்து சொல்லிட்டுப் போயிட்டா ஊருக்கு யாரு சொல்றது? திருடின்னு பள்ளிக்கூடத்துலதான் சொன்னாங்க. இல்லன்னு அங்கயே சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்."

அவன் பெண்டாட்டி, "மில்லு ஏஜெண்டுக்கு வாக்குக் குடுத்தாச்சு" என்றாள். "நீ சும்மா இரு" என்றான். முத்தமிழ் உள்ளே இருந்தது. கதவுக்குப் பின்னால் அதன் பாவாடை தெரிந்தது. வெளியே வரவில்லை.

அங்கிருந்து தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். "நீங்க சொல்றத நம்பறேன் பெரியம்மா. ஆனா நீங்க பேத்திய காப்பாத்த சொல்றீங்களா, அந்தப் பொண்ணக் காப்பாத்த சொல்றீங்களான்னு நாளைக்கு எவனாச்சும் கேப்பான். காலேஜ்லேருந்து எழுத்துல வந்தா பிரேயர்லயே படிச்சிடறேன்" என்றார்.

ஆக, என் வாய்ச்சொல்லுக்கு இங்கே மதிப்பில்லை. நீதான் சொல்ல வேண்டும். சொன்னால் உனக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். போகட்டும் என்று எழுத எனக்குக் கை வருகிறதா பார் என்று சோதித்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

போகட்டும் கவியா.

வேம்பு


பெரம்பலூர்
28-12-2024

அன்புள்ள அம்மாயி,

சொல்லிவிட்டேன்.

சாகிரா மேடம் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வீட்டுக்குக் கிளம்பி பஸ்ஸுக்கு நின்றவரை நிறுத்தித்தான் சொன்னேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டுக் கேட்டார். விடைத்தாள் கட்டையும் கொண்டு போயிருந்தேன். அடியில் இருந்த தாளை எடுத்துப் படித்தார். முழுதாக, பத்துக் கேள்விக்கும் படித்தார்.

"ஒங்க அம்மாயி செஞ்சத நான் ரெண்டு வரியில எழுதிடுவேன் கவியா. நீ செஞ்சத எப்படி எழுதறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். பிறகு, "நானும் அன்னிக்குப் புள்ளைங்க முன்னாடி வச்சுக் கேட்டிருக்கக் கூடாது. அந்தத் தப்பு என்னோடது, அதையும் எழுதறேன்" என்றார்.

கல்லூரியில் விசாரணை வைத்தார்கள். பதினாறு வாரமும் ரத்து. வருகிற ஜூனில் எனக்கு அடுத்த வகுப்பினரோடு மறுபடியும் முதலிலிருந்து போக வேண்டும். வேதியியல் தாள்கள் எல்லாம் தேறியிருந்தாலும் அதுவரை பட்டம் கிடையாது. இரண்டும் ஒரே படிப்பு என்று நீ தெருவில் சொன்னாயே, அது சரிதான். ஒரு கால் நின்றால் இன்னொரு காலும் நிற்கிறது. அம்மாவுக்குப் போனில் சொன்னேன். ஒரு வருடமா என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதது.

கல்லூரிக் கடிதம் தலைமையாசிரியருக்குப் பதிவுத்தபாலில் போயிருக்கிறது. அதோடு நான் அந்த வகுப்புக்கு எழுதிய ஒரு தாளும் இருக்கிறது. நாலு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் என்னைப் பற்றியே அதிகம் இருந்தது. கடைசியில் ஆறு வரி வைத்தேன். முத்தமிழ் கேள்வித்தாளை எடுக்கவில்லை, அவள் எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் அவளைக் காட்டினேன் என்று.

ஜூனில் எந்தப் பள்ளி வேண்டும் என்று கேட்டார்கள். நம்மூர் பள்ளியையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். முத்தமிழ் அப்போது பத்தாம் வகுப்பில் இருப்பாள். அதே பிள்ளைகள் முன்னால் நின்று நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவளுக்குப் பொதுத்தேர்வுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைச் செய்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்று தோன்றுகிறது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

கவியா


ஓடைக்குடிக்காடு
12-1-2025, ஞாயிறு

கவியாக்கண்ணுக்கு,

பள்ளிக்கூடம் திறந்த மறுநாள் பிரேயரில் தலைமையாசிரியர் கல்லூரிக் கடிதத்தைப் படித்தார். உன் தாளைக் குழந்தைவேல் சார் படித்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். "நாந்தான் சொல்லிக் குடுத்தேன், புள்ளைங்க மேல தப்பில்ல" என்றேன். அதற்கு மேல் நாலு வரி யோசித்து வைத்திருந்தேன், வரவில்லை. மதுரைவீரன் மகன் வரிசையிலிருந்தே, "ஆயாதான் சார் சொல்லக் கூடாதுன்னாங்க, அதான் நாங்க யாரும் சொல்லல" என்றான். அதுகளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முத்தமிழ் அடிபட்டபோது பத்தொன்பது பிள்ளைகளும் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கின்றன.

செல்லதுரை கேட்டுக்கு வெளியே லாரிப் பக்கத்தில் நின்று கேட்டான். ஏஜெண்டுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டானாம். திங்கட்கிழமையிலிருந்து முத்தமிழ் போகிறது.

நம் தெரு வழியாகப் போவதில்லை. வாய்க்கால் கரையாகச் சுற்றிப் போகிறது. மூன்று நாள் பார்த்தேன். நான்காவது நாள் நானே வாய்க்கால் பக்கம் போய் நின்றேன். திட்டும் என்று நினைத்தேன். அது பாட்டுக்கு நடந்தது. கூடவே கொஞ்ச தூரம் நடந்தேன். நீ ஜூன் மாதம் வந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னேன். அது மனசு குளிரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். முத்தமிழ் நின்றுவிட்டது.

"வேணாம் ஆயா."

"ஏன் சாமி? தப்பு செஞ்சவ கேக்க வேணாமா?"

"டீச்சர் வந்தா எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. அவங்க மன்னிப்பு கேட்டா நான் பரவால்லன்னு சொல்லணும். எனக்குப் பரவால்ல இல்ல."

"சரி" என்றேன்.

"டென்த் முடிக்கிற வரைக்கும் அவங்கள வரச் சொல்லாதீங்க. இங்க அவங்களப் பாத்தா நான் ஸ்கூல் வர மாட்டேன்." அப்புறம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "அவங்க நல்லா நடத்துவாங்க. அதச் சொல்லிருங்க" என்றது. அது உன்னைப் பாராட்டிச் சொன்னதா, இன்னும் வலிக்கிறது என்று சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. சொல்லச் சொன்னது, சொல்லிவிட்டேன்.

அதனால் நீ எழுதிக் கொடுத்ததை மாற்றிவிடு. வேறு பள்ளிக்கூடம் கேள். நீ இங்கே வந்து நின்று மன்னிப்புக் கேட்டால் உனக்குத் தூக்கம் வரும் என்று எழுதியிருந்தாய். அந்தப் பெண்ணுக்கு என்ன வரும் என்று எழுதவில்லை. தூக்கம் வராவிட்டால் வராமல் இருக்கட்டும். எனக்கும்தான் வருவதில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மட்டுமில்லை, ஊருக்கும் வராதே. பொங்கலுக்கும் வராதே, சித்திரைத் திருவிழாவுக்கும் வராதே. அடுத்த வருஷம் அது பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும். குழாயடியில், பஸ்ஸில், கடையில் எங்கேயும் அது உன்னைப் பார்த்துத் தலையைக் குனிய வேண்டாம். உன்னைப் பார்க்க வேண்டுமானால் நான் அங்கே வருகிறேன். அரியலூரில் மாறி ஏறினால் பெரம்பலூர் என்ன பெரிய தூரமா?

நேற்றுக்கூடக் களத்தில் கேட்டார்கள். "டீச்சர் பேத்தி பொங்கலுக்கு வருதா?" என்று. வரவில்லை என்றேன். லீவு இல்லையா என்றார்கள். லீவு இருக்கிறது, நான்தான் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொன்னேன்.

வேம்பு